ரொகோகோ என்றால் அலங்காரம் கூடிப்போன பரோக்தானா?

கேட்டவர் இரண்டு படங்களைப் போட்டிருந்தார். ஒன்று வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம். மற்றது பாரிஸில் சுபீஸ் மாளிகையின் முட்டை வடிவ அறை. "இரண்டிலும் தங்கம், இரண்டிலும் கண்ணாடி, இரண்டிலும் ஓவியம். முதலாவது பரோக், இரண்டாவது ரொகோகோ என்கிறார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ரொகோகோ என்றால் அலங்காரம் கூடிப்போன பரோக்தானா? பணக்காரர்களின் பகட்டைத் தாண்டி அதில் ஏதாவது உண்டா? நம் கல்யாண மண்டப மேடையில் போடுகிற தங்கக் கால் சோபாவும் இதில் சேர்த்தியா?" என்று கேட்டிருக்கிறார். பரோக் 17-ஆம் நூற்றாண்டிலும் ரொகோகோ 18-ஆம் நூற்றாண்டிலும் ஐரோப்பாவில் ஓங்கியிருந்த கலைப் பாணிகள். வார்த்தைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் உண்மையில் கேட்டது இரண்டு: கண்ணால் பார்த்து எப்படிப் பிரிப்பது, பிரித்த பிறகு அதை மதிக்கலாமா. நான் பாரிஸில் பழைய மரவேலைக்குப் பொன்பூச்சும் பழுதுபார்ப்பும் செய்கிறவன். மரம், சுதை, தங்க ரேக்கு பற்றிக் கையறிந்து சொல்வேன். ஓவியம் பற்றிச் சொல்வது மட்டும் படித்தும் பார்த்தும் தெரிந்துகொண்டது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு பழக்கம். ஓர் அறைக்குள் போனதும் தங்கத்தைப் பார்க்காதீர்கள். சுவரும் விதானமும் சேருகிற இடத்தைப் பாருங்கள். வெர்சாய் கண்ணாடி மண்டபம் 1678-க்கும் 1684-க்கும் இடையில் கட்டப்பட்டது. நீளம் 73 மீட்டர். பளிங்கு அரைத்தூண்கள் வரிசையாக நிற்கின்றன, அவற்றின் தலையில் கனமான கார்னிஸ், அதாவது சுவர் உச்சியில் துருத்தி நிற்கும் விளிம்பு, மண்டபம் முழுக்க ஓடுகிறது, அதற்கு மேலே வளைந்த விதானத்தில் ஓவியர் லெ புரன் வரைந்த, பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயியின் வெற்றிகள். தாங்குவது எது, தாங்கப்படுவது எது, எங்கே சுவர் முடிகிறது, எங்கே கூரை தொடங்குகிறது என்பதில் உங்களுக்குச் சந்தேகமே வராது. எவ்வளவு அலங்காரம் போட்டாலும் கட்டடத்தின் எலும்பு தெரிகிறது, தெரிய வேண்டும் என்றுதான் கட்டியிருக்கிறார்கள். அரசனின் பெருமை அங்கே ஒரு தூண் வரிசையாக நின்று பேசுகிறது.

இப்போது சுபீஸ் மாளிகைக்கு வாருங்கள். ஜெர்மான் பொஃப்ரான் என்ற கட்டடக் கலைஞர் 1735 முதல் 1740 வரை அங்கே வேலை செய்தார். அறுபதைத் தாண்டிய சுபீஸ் இளவரசர் 1732-ல் 19 வயதுப் பெண்ணை மறுமணம் செய்துகொண்டார். அதையொட்டி வந்த புதுப்பிப்புதான் இது. கீழ்த்தளத்தில் இளவரசருக்கு ஒரு முட்டை வடிவ அறை, அதற்கு நேர் மேலே இளவரசிக்கு இன்னொன்று. படத்தில் இருப்பது இளவரசியின் அறை. அதில் தூண் இல்லை. வளைவுகள் சுற்றி வருகின்றன. சிலவற்றில் ஜன்னல், சிலவற்றில் கண்ணாடி, ஒன்றில் கதவு. வளைவுகளுக்கு இடையிலுள்ள மேற்பகுதியில் பழைய கிரேக்க-ரோமானியக் காதல் கதையின் நாயகி சைக்கியைப் பற்றி நத்துவார் என்ற ஓவியர் வரைந்த எட்டு ஓவியங்கள். அந்த ஓவியங்களின் சட்டம் நேர்கோடாக இல்லை. அலை அலையாக ஏறி இறங்குகிறது. அதன் மேல்விளிம்பே கார்னிஸ் மாதிரி வேலை செய்கிறது, ஆனால் அங்கேயும் நிற்பதில்லை. அங்கிருந்து பொன்னிறக் கொடிவேலை, வலை போட்டதுபோல, நீல விதானத்தில் ஏறி நடுவிலுள்ள பூவில் போய்ச் சேருகிறது. சுவர் எங்கே முடிந்தது என்று விரல் வைத்துக் காட்டச் சொன்னால் உங்களால் முடியாது. ரொகோகோவின் அடையாளம் இதுதான்: எல்லைக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லாமல் போவது.

ஆகவே "அலங்காரம் கூடியது" என்பது தப்பான கணக்கு. பாரம் குறைந்தது என்று சொன்னால் பொருத்தம். பளிங்கு போய் ஓக் மரப்பலகை வந்தது. சுவரை விட்டுத் துருத்தி நிற்கும் தூண் போய், பலகையின் முகத்திலிருந்து கொஞ்சமே எழும் செதுக்கல் வந்தது. அந்தக் காலத்துப் பாரிஸ் பலகைகளைக் கையால் தடவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கு அவ்வளவு துள்ளலாகத் தெரிகிற கொடி பல இடங்களில் விரல் தடிமன்கூட எழுந்திருக்காது. முக்கால்வாசிப் பலகை வெறுமனேதான் இருக்கும். ஓரத்திலும் மூலையிலும் நடுவிலும் மட்டும் வேலை. வெற்றிடம் இல்லாவிட்டால் அந்தக் கோடு ஓடவே முடியாது.

இந்த மாற்றம் ஏன் வந்தது? பாடப்புத்தகங்கள் சொல்கிற விடை: 1715 செப்டம்பர் 1 அன்று பதினான்காம் லூயி இறந்தார், அடுத்த அரசன் பதினைந்தாம் லூயிக்கு ஐந்து வயது, ஆட்சிப் பொறுப்பை ஏற்ற ஓர்லெயான் கோமகன் அரசவையைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார், வெர்சாயில் முடங்கிக் கிடந்த பிரபுக்கள் நகரத்தில் சொந்த மாளிகை கட்டத் தொடங்கினார்கள், அங்கே பேரறையைவிடப் பேசிக்கொண்டிருக்க வசதியான சிற்றறைதான் தேவைப்பட்டது. இது சரிதான், ஆனால் பாதிதான் சரி. 1699-லேயே, அதே பதினான்காம் லூயி, பேரனின் இளம் மனைவிக்காக வெர்சாய் வளாகத்தில் ஒரு சிறு மாளிகையைச் சீரமைக்கும்போது, காட்டிய ஓவியத் திட்டங்கள் ரொம்பக் கனமாக இருக்கின்றன, எங்கும் குழந்தைத்தன்மை பரவியிருக்க வேண்டும் என்று தன் கைப்பட எழுதினார். அந்த இளவரசிக்கு அப்போது 13 வயது. அந்தப் பத்தாண்டிலேயே அவருடைய சொந்தக் கட்டட அலுவலகத்து வரைவாளர்கள் மெல்லிய கொடிகளை வரைய ஆரம்பித்துவிட்டார்கள். அதாவது கிழவர் செத்தார், கலை விடுதலை அடைந்தது என்பது கதைக்கு நன்றாக இருக்கிறது. நடந்தது அதைவிட மெதுவானது.

இன்னொரு காரணத்தை ரசனையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். கண்ணாடி. வெர்சாய் மண்டபத்தில் இருக்கும் 357 கண்ணாடிகளும் சின்னச் சின்னத் துண்டுகள், சேர்த்துப் பொருத்தியவை. அப்போது ஊதிச் செய்த கண்ணாடியில் பெரிய அளவு வராது. 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் உருக்கிய கண்ணாடியை மேசைமேல் ஊற்றித் தகடாக்கும் முறை கைகூடியது. சான் கொபான் தொழிற்சாலை அதைப் பெரிய அளவில் செய்தது. அப்புறம்தான் கணப்பு அடுப்புக்கு மேலே உயரமான கண்ணாடி வைப்பதும், அதற்கு எதிர்ச்சுவரில் இன்னொன்றை வைப்பதும் நடைமுறைக்கு வந்தன. கண்ணாடி சுவரைத் திறந்துவிடுகிறது. சுவரே இல்லாத மாதிரி இருக்கும் இடத்தில் தூண் எதற்கு?

வெளிச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள். இந்த அறைகள் மாலை விருந்துக்கும் சீட்டாட்டத்துக்கும் பேச்சுக்குமானவை. மெழுகுவத்திச் சுடர் அசையும். அசைகிற வெளிச்சத்தில் தங்கம் எப்படித் தெரியும் என்பதை வைத்துத்தான் செதுக்கினார்கள், பூசினார்கள். பூச்சு வேலை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் படத்தில் இது தெரியவே தெரியாது. தஞ்சாவூர் ஓவியத்தில் மக்கு வைத்து ரேக்கு ஒட்டுவதைப் பார்த்திருந்தால் பாதி புரிந்துவிடும். செதுக்கிய மரத்துக்கு முதலில் முயல்தோல் பசையைச் சூடாகப் பூசுவோம். அதன்மேல் அதே பசையில் குழைத்த வெள்ளைச் சுண்ணத்தூளை எட்டு முதல் பன்னிரண்டு கோட் வரை, ஒவ்வொன்றும் காயக் காய. இதற்குள் ஆசாரி செதுக்கிய நுட்பமெல்லாம் வெள்ளைக்குள் மூழ்கியிருக்கும். அப்போது இன்னொருவர் வளைந்த சிறு உளிகளோடு உட்கார்ந்து, அந்த வெள்ளையிலேயே இலை நரம்பையும் இதழ் மடிப்பையும் திரும்பச் செதுக்குவார். ரொகோகோவின் கூர்மை என்று நாம் வியப்பதில் பெரும்பகுதி மரத்தில் இல்லை. இந்த வெள்ளையில் இருக்கிறது. அதன்பின் குழிகளில் மஞ்சள் காவி, மேடுகளில் செங்களிமண், அதன்மேல் தண்ணீர் தொட்டு ரேக்கு. காய்ந்ததும் அகேட் கல் பதித்த கோலால் சில இடங்களை மட்டும் தேய்த்துப் பளபளப்பாக்குவோம், சில இடங்களை மங்கலாகவே விடுவோம். சுடர் அசையும்போது பளபளப்பு மின்னும், மங்கல் பின்வாங்கும்; கொடி நகர்வதுபோல் இருக்கும். பிற்காலத்தில் பழுதுபார்க்கிறேன் என்று மேலும் மேலும் வெள்ளை பூசி, செதுக்காமல், ஒரே பளபளப்பாகத் தங்கம் ஒட்டிவிட்டால் அந்த வேலை செத்துவிடும். உங்களுக்கு ஓர் அறை திகட்டுவதாகத் தோன்றினால், தவறு 18-ஆம் நூற்றாண்டுடையதா, 19-ஆம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்புடையதா, மேலேயிருக்கும் மின்விளக்குடையதா என்று ஒரு தடவை யோசியுங்கள்.

அடுத்தது, சமச்சீர் இல்லாமை. ரொகோகோ என்றால் இடமும் வலமும் பொருந்தாது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். பாரிஸ் அறைகளில் இது ஓர் எல்லைக்குள்தான். அறையின் அமைப்பு சமச்சீராகவே இருக்கும். கணப்புக்கு எதிரே கதவு, ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி. ஒரு பலகையின் நடுவிலிருக்கும் கேடயத்தை மட்டும் பாருங்கள், அது ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். பக்கத்துப் பலகையில் அதற்கு ஈடாக எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். தனித்தனியே கோணல், சேர்த்துப் பார்த்தால் நேர். இந்த விளையாட்டை 1730-களில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர்கள் நிக்கோலா பினோ, ஜுஸ்த் ஓரேல் மெசோனியே போன்ற வடிவமைப்பாளர்கள். மெசோனியே துரினில் பிறந்தவர், வெள்ளிவேலைக் குடும்பம். கிங்ஸ்டன் கோமகனுக்காக 1735 வாக்கில் அவர் வடிவமைத்த வெள்ளி சூப்புப் பாத்திரங்கள் இரண்டில் ஒன்று இன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உடம்பு சிப்பி, மூடிமேல் நண்டு வகையும் காய்கறியும் பறவையும் குவிந்து கிடக்கும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வேறு பாத்திரம். மரச்சுவரில் செய்ய முடியாததையெல்லாம் வெள்ளியிலும் அச்சிட்ட வரைபடங்களிலும் செய்து தீர்த்தார்கள்.

அந்தக் காலத்திலேயே இதைக் கிண்டல் செய்யவும் ஆள் இருந்தது. 1754-ல் கொஷான் என்ற செதுக்கோவியர், பொற்கொல்லர்களுக்கும் மரச்சிற்பிகளுக்கும் ஒரு பணிவான விண்ணப்பம் என்ற பாவனையில் ஒரு பத்திரிகையில் எழுதினார். மூடியின்மேல் ஆர்டிசோக் காயை நிஜ அளவில் வைத்தால், அதன் பக்கத்தில் விரல் அளவு முயலை வைக்காமல் இருக்கத் தயவு பண்ணக்கூடாதா என்று கேட்கிறார். நேராக இருக்க வேண்டியதை நேராக விடக்கூடாதா என்றும். படித்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். ஆனால் அவர் குறை சொன்னது அளவு பொருந்தாமையை. பகட்டை அல்ல என்பதைக் கவனியுங்கள்.

மரச்சாமானில் எனக்கு மிகப் பிடித்த உதாரணம் லண்டன் வாலஸ் சேகரிப்பில் இருக்கிறது. பதினைந்தாம் லூயியின் படுக்கையறைக்காக 1739-ல் கோத்ரோ செய்துகொடுத்த இழுப்பறைப் பெட்டி; வெண்கல வேலை ஷாக் கஃபியேரி. இழுப்பறை என்றால் மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் ஒரு கோடு இருக்கத்தானே வேண்டும்? கோடு இருக்கிறது, ஆனால் பொன்பூசிய வெண்கலக் கொடி அந்தக் கோட்டை மதிக்காமல் மேல் இழுப்பறையிலிருந்து கீழ் இழுப்பறைக்குத் தாவிப் பரவுகிறது. கைப்பிடியும் அந்தக் கொடிக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. சுபீஸ் அறையில் சுவருக்கும் விதானத்துக்கும் செய்ததை இங்கே ஒரு பெட்டிக்குச் செய்திருக்கிறார்கள். கொடி எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்று கிட்டத்தில் போய்த் தேடினால்தான் பெட்டி எங்கே திறக்கும் என்று தெரியும்.

இதை ஒரே ஆள் செய்யவில்லை, செய்யவும் கூடாது. பாரிஸில் அப்போதிருந்த கைவினைஞர் சங்கங்களின் (கில்டு) சட்டப்படி மரம் இழைப்பவர் வேறு, வெண்கலம் வார்ப்பவர் வேறு, அதற்குப் பொன்பூசுபவர் வேறு. ஷார்ல் கிரெசான் என்ற கைதேர்ந்த மரச்சாமான் கலைஞர் தன் பட்டறையிலேயே வெண்கலமும் செய்ததற்காகப் பலமுறை வழக்கைச் சந்தித்தார். பொன்பூச்சு என்றால் இங்கே ரேக்கு அல்ல. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துத் தடவி, நெருப்பில் காட்டிப் பாதரசத்தை ஆவியாக்குவது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்களின் கதி என்ன என்று சொல்லத் தேவையில்லை. வெண்கலத்தில் கிரீடம் வைத்த சிறு 'ஸி' முத்திரை இருந்தால், அது 1745-க்கும் 1749-க்கும் இடையில் வசூலித்த செம்பு வரியின் அடையாளம். பழைய பொருள் அந்த ஆண்டுகளில் கைமாறியிருந்தாலும் முத்திரை விழும் என்பதால், அதைச் செய்த ஆண்டு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது; அதற்குப் பிற்பட்டதல்ல என்று மட்டும் சொல்லலாம். முத்திரையையே போலியாக அடிப்பவர்களும் உண்டு, அது தனிக்கதை.

நம் கடற்கரைக்கும் இதில் சின்னப் பங்கு உண்டு. இழுப்பறைப் பெட்டிகளின் முகத்தில் ஒட்டிய அரக்குப் பலகைகள் சிலவற்றைச் சீனத்தில் செய்த மடிப்புத் தட்டிகளை வெட்டி எடுத்தார்கள். அந்தத் தட்டிகள் சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போயின. பாரிஸ் வியாபாரிகள் அவற்றைப் பின்பக்கமிருந்து இழைத்து மெல்லிய தகடாக்கி, பெட்டியின் புடைத்த வயிற்றுக்கு ஏற்ப வளைத்து ஒட்டவைத்தார்கள். எட்டடித் தட்டியில் ஒரு முழுக் காட்சியை வரைந்த சீனக் கைவினைஞர் அதைப் பார்த்தால் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதே கரையிலிருந்து போன, கையால் சாயமெழுதிய பருத்தித் துணிக்குப் பிரான்சில் 1686 முதல் 1759 வரை தடை இருந்தது; தடை இருந்த காலத்திலேயே அதை உடுத்துவதும் மெத்தைக்குப் போடுவதும் நாகரிகமாக இருந்தது.

இனி ஜெர்மன் பேசும் நாடுகள். பகட்டு என்ற குற்றச்சாட்டை வைத்துக்கொண்டு அங்கே போனால் சிக்கல். மியூனிக் நிம்ஃபன்பர்க் பூங்காவில் அமாலியன்பர்க் என்ற வேட்டை மாளிகை இருக்கிறது, 1734 முதல் 1739 வரை கட்டியது. செய்தவர் குவிலியே. பவேரிய அரசவைக்குக் குள்ளராக, வேடிக்கைக்காகச் சேர்க்கப்பட்ட சிறுவன் அவர். திறமையைப் பார்த்துப் பாரிஸுக்குப் படிக்க அனுப்பினார்கள். திரும்பிவந்து பாரிஸ்காரர்களையே மிஞ்சினார். நடுவிலுள்ள வட்ட அறையில் தங்கம் இல்லை, வெள்ளி, பின்னணி வெளிர்நீலம். வெள்ளியும் நீலமும் அந்த ஆட்சிக் குடும்பத்தின் நிறங்கள். யோஹான் பாப்டிஸ்ட் சிம்மர்மான் செய்த சுதை, கண்ணாடிகளுக்கு மேலே மரமாக, புல்லாக, பறவையாக வளர்ந்து விதானத்துக்குள் போய்விடுகிறது. பக்கத்திலேயே வேட்டை நாய்கள் படுக்கும் அறை, துப்பாக்கி அலமாரியோடு. அதற்கும் அலங்காரம். பகட்டு என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் அழகான பகட்டு.

அந்தச் சுதை வேலை செய்த யோஹானின் தம்பி தொமினிக்குஸ் சிம்மர்மான் கட்டியதுதான் வீஸ் தேவாலயம். பவேரியாவில் ஒரு புல்வெளியின் நடுவே நிற்கிறது. 1738-ல் ஒரு குடியானவர் வீட்டிலிருந்த, சாட்டையடி படும் கிறிஸ்துவின் மரச்சிலை கண்ணீர் விட்டதாகச் சொல்லப்பட்டது, கூட்டம் பெருகியது, 1745 முதல் 1754 வரை கட்டி முடித்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணச் சனங்கள். முட்டை வடிவக் கூடம், இரட்டை இரட்டையாக வெள்ளைத் தூண்கள், மேலே அண்ணன் வரைந்த ஓவியம்: வானவில்லின்மேல் கிறிஸ்து, ஒரு முனையில் இன்னும் யாரும் அமராத நியாயத் தீர்ப்பின் சிம்மாசனம், மறுமுனையில் மூடிய நித்தியத்தின் கதவு. விதானம் கல் வளைவு அல்ல, மரச்சட்டத்தில் சுதை. பலிபீடப் பகுதியின் மேல் வளைவுகளை நிமிர்ந்து பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே வளைவே சிப்பி அலங்காரமாக மாறி, தலைகீழாகப் புரண்டு, ஓட்டையாகி, வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. எது தாங்குகிறது, எது வெறும் அலங்காரம் என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லாமல் போகிறது. சைக்கியின் காதல் கதைக்குப் பயன்பட்ட அதே கோடு, இங்கே முழங்காலில் நிற்பவரின் தலைக்கு மேலே வேலை செய்கிறது. தொமினிக்குஸ் சாகும்வரை அந்தக் கோயிலுக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக் குடியிருந்தார். இதைப் பிரபுக்களின் பொழுதுபோக்கு என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்கள் வீஸுக்குப் போனதில்லை என்றுதான் நினைப்பேன்.

ஓவியத்தைப் பற்றிச் சுருக்கமாக. வாத்தோ, பூஷே, ஃபிராகோனார் என்று மூன்று பெயரை வரிசையாகச் சொல்வது வழக்கம். வாத்தோ 1721-ல் 36 வயதில் இறந்தார். சுபீஸ் அறை தொடங்கவே இன்னும் 14 வருடம் இருந்தது. 1717-ல் அவர் அகாதெமிக்குக் கொடுத்த சிதேரா தீவு ஓவியத்தில் இருக்கும் மெல்லிய சோகத்தை இந்த அறைகளோடு ஒட்டவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பூஷே உண்மையாகவே இந்த அறைகளின் ஓவியர். கதவுக்கு மேலே என்ன வடிவத்தில் இடம் விட்டாலும் அதில் அடங்க வரைவார். 1761-ல் எழுத்தாளர் தீதரோ அவருடைய ஓவியத்தைப் பார்த்து, என்ன நிறங்கள், என்ன செழிப்பு என்று மயங்கிவிட்டு, இந்த மனிதரிடம் எல்லாம் இருக்கிறது, உண்மையைத் தவிர என்று எழுதினார். பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். மயங்கியதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஃபிராகோனாரின் ஊஞ்சல் 1767-ஐ ஒட்டியது. ஓர் அரசவைக்காரர் தன் காதலியை ஊஞ்சலில் வைத்து, ஒரு பிஷப் ஆட்டிவிடுவதாகவும், தான் கீழேயிருந்து காலைப் பார்ப்பதாகவும் வரையச் சொல்லி துவாயான் என்ற ஓவியரிடம் போனார், அவர் ஃபிராகோனாரிடம் தள்ளிவிட்டார் என்பதற்கு அந்தக் காலத்து நாட்குறிப்புச் சான்று இருக்கிறது. அந்த ஆள் சான் ஜூலியான் பிரபு என்பது மரபாகச் சொல்வது. நாட்குறிப்பில் பெயர் இல்லை. ஓவியத்தில் பிஷப்பும் இல்லை, யாரோ ஒரு வயதானவர்தான் ஆட்டுகிறார்.

ஊஞ்சலின் தேதியைத் திரும்பப் பாருங்கள். எல்லாப் புத்தக அட்டையிலும் ரொகோகோவின் முகமாக வரும் அந்தப் படம் வரையப்பட்டபோது, பாரிஸில் அந்த நாகரிகம் ஏற்கெனவே பழசாகிவிட்டது. நாற்காலிக் கால்கள் நிமிர ஆரம்பித்திருந்தன. சில வருடத்தில் இதே ஃபிராகோனார், பதினைந்தாம் லூயியின் காதலியான துய் பாரி சீமாட்டியின் புது மாளிகைக்கு நான்கு பெரிய காதல் காட்சிகளை வரைந்து கொடுத்தார். அம்மையார் திருப்பி அனுப்பிவிட்டு, கிரேக்க பாணியில் வேறொருவரை வரையச் சொன்னார். திருப்பியனுப்பியவை இன்று நியூயார்க்கில் ஃபிரிக் சேகரிப்பில். ஆகவே பிரெஞ்சுப் புரட்சி ரொகோகோவைக் கொன்றது என்பது அடிப்படையே இல்லாத பேச்சு. எரிமலையில் புதைந்த ரோமானிய நகரமான ஹெர்குலேனியத்தை 1738-லிருந்து தோண்டியதும், கொஷான் போன்றவர்கள் இத்தாலி போய்வந்ததும், நேர்கோட்டுக்கு மறுபடி மவுசு வந்ததும்தான் காரணம். பவேரியாவில் 1770-ல் அரச ஆணையே வந்தது, கிராமக் கோயில்களில் வேண்டாத சுதை வேலையை விட்டு எளிமையாகக் கட்டச் சொல்லி. பதினாறாம் லூயியின் மனைவி மரி அந்துவானெத் ரொகோகோ ராணி என்பதும் அப்படித்தான். அவள் வாழ்ந்த பெத்தி திரியனோன் 1768-ல் முடிந்த, கோடு பிடித்த நேரான கட்டடம். பதினைந்தாம் லூயியின் இன்னொரு காதலியான பொம்பதூர் சீமாட்டி ரொகோகோவை உருவாக்கினாள் என்பதும் பொருந்தாது. அவள் அரசவைக்கு வந்தது 1745-ல். செவ்ர் பீங்கானுக்கும் பூஷேக்கும் அவள் செய்தது பெரிய உதவி. ஆனால் வரும்போதே விருந்து பாதி முடிந்திருந்தது.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானவை கூலிக் கணக்கு, ஒப்பந்தம், முத்திரை என்று ஆதாரம் உள்ளவை. இனி கருத்து வேறுபாடு உள்ளது. ரொகோகோ தனிப் பாணியா, பரோக்கின் கடைசிக் கட்டமா என்பதில் அறிஞர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகச் சண்டை போடுகிறார்கள். எந்த நாட்டிலிருந்து பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. பாரிஸிலிருந்து பார்த்தால் தனிதான், பரோக்கின் பாரத்திலிருந்து விலகி வந்தது. தெற்கு ஜெர்மனியிலிருந்து பார்த்தால் எலும்பு பரோக், தோல் ரொகோகோ. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் மாளிகையில் கட்டடக் கலைஞர் நொய்மான் எழுப்பிய படிக்கட்டு மண்டபத்தின் விதானம், நடுவில் ஒரு தூணும் இல்லாமல் ஏறத்தாழ 30 மீட்டர் நீளத்துக்கு விரிகிறது. 1945 மார்ச் 16 குண்டுவீச்சில் கூரை எரிந்தும் அது விழவில்லை. அந்தத் துணிச்சல் பரோக். அதில் 1752-53-ல் வெனிஸ் ஓவியர் தியெப்போலோ வரைந்த வானத்தின் லேசான தன்மையை என்னவென்று சொல்வீர்கள்? நான் ரொகோகோ என்பேன், என்னோடு ஒத்துக்கொள்ளாதவர்கள் நிறைய.

கல்யாண மண்டப சோபாவுக்கு வருகிறேன். அது ரொகோகோவின் பேரப்பிள்ளை, நேர் வாரிசு அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் புதுப் பணக்காரர்கள் பதினைந்தாம் லூயி பாணியை மறுபடி கேட்டார்கள். பவேரியாவின் இரண்டாம் லுட்விக் 1870-களில் லிண்டர்ஹோஃப் மாளிகையை முழுக்க அப்படியே கட்டினார். இயந்திரச் செதுக்கலும் அச்சில் வார்த்த அலங்காரமும் வந்தபின் அந்த வளைவுகள் உலகமெங்கும் பரவின. வித்தியாசம் பார்க்க எளிய வழி: மூல வேலையில் நாற்காலியின் கால் உட்காரும் சட்டத்துக்குள் வழுக்கிக்கொண்டு போகும், எங்கே கால் முடிகிறது என்று தெரியாது. மேடை சோபாவில் கால் தனி, சட்டம் தனி, மேலே ஒட்டிய பூ தனி. தங்கமும் தங்கமில்லை, பித்தளைத் தூள் கலந்த பெயின்ட், சில வருடத்தில் பழுப்பேறும். அதற்காக அதில் உட்கார வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்து, போர்ச்சுகல், ரஷ்யா, பீங்கான் பொம்மைகள் இதில் வரவில்லை. அவற்றில் எனக்குப் பழக்கம் குறைவு. நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் இந்த வரிசையில் பாருங்கள்: வெர்சாய் மண்டபத்தைப் பார்த்த மறுநாளே சுபீஸ் மாளிகை, அது இப்போது பிரெஞ்சு தேசிய ஆவணக் காப்பகத்தின் வளாகத்தில் இருக்கிறது, கூட்டமும் குறைவு. பாரிஸிலேயே கார்னவாலே அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து அறைகளின் மரப்பலகைகளைக் கிட்டத்தில் பார்க்கலாம். மியூனிக் போனால் அமாலியன்பர்க் முதலில், வீஸ் மறுநாள். அமாலியன்பர்க் குளிர்காலத்தில் மூடியிருக்கும், டிக்கெட் போடுவதற்கு முன்னால் விசாரித்துக்கொள்ளுங்கள்.